மூன்றாவது வாரத்தில் நின்றுபோகும் ஓட்டம்: விடாமல் தொடர என்ன வழி?

கேள்வி இது: "வயது 36. பள்ளி ஆசிரியை. தாம்பரம் பக்கம் சேலையூரில் வீடு. ஒன்றரை வருடத்தில் மூன்று முறை காலை ஓட்டம் ஆரம்பித்தேன். மூன்று முறையும் மூன்றாவது வாரத்தைத் தாண்டவில்லை. முதல் தடவை காலின் முன் எலும்பில் வலி, இரண்டாம் தடவை மழை, மூன்றாம் தடவை ஏன் நின்றது என்றே தெரியவில்லை. வேறு வியாதி எதுவும் இல்லை. விடாமல் ஓடுவது எப்படி?"

மூன்று தடவைக்கும் மூன்று காரணம் சொல்கிறீர்கள். எனக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் தெரிகிறது. கால் தாங்கும் வேகத்தைவிட வேகமாக ஓடியிருக்கிறீர்கள். மன உறுதி போதவில்லை என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். மூன்றாவது வாரத்தில் நிற்பது புதிதாக ஓடுபவர்கள் பலருக்கும் நடப்பதுதான், அதற்கு உடம்புக்குள்ளேயே காரணம் இருக்கிறது.

ஓட ஆரம்பித்த இரண்டு மூன்று வாரத்தில் மூச்சு பழகிவிடும். ரத்தத்தின் அளவு கூடும், இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாக ரத்தம் தள்ளும். தசைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். எலும்புக்கும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கு ஆகும். எலும்பு புதுப்பிக்கப்படும்போது பழைய பகுதி முதலில் கரைக்கப்படும், பிறகுதான் புதியது கட்டப்படும். அதனால் ஆரம்ப வாரங்களில் எலும்பு கொஞ்ச காலம் பலவீனமாகவே இருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் மூச்சு லேசாகி, "இன்று நன்றாக ஓட முடிகிறது" என்று வேகத்தையும் தூரத்தையும் ஏற்றுகிறோம். நெஞ்சு தயார், கால் தயாரில்லை. உங்கள் முதல் தடவை வலி அங்கிருந்துதான் வந்திருக்கும்.

ஆகவே முதலில் சரிசெய்ய வேண்டியது வேகம். அதை அளக்க வாட்ச் வேண்டாம். ஓடிக்கொண்டே உங்கள் வீட்டு முகவரியைக் கதவு எண்ணிலிருந்து பின்கோடு வரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நடுவில் ஒரு தடவை மூச்சு எடுத்தால் வேகம் சரி. தெருப் பெயருக்கு ஒரு மூச்சு, ஊருக்கு ஒரு மூச்சு என்று வாங்கினால் வேகம் அதிகம், உடனே குறையுங்கள். புதியவர்களுக்கு இந்த வேகம் பெரும்பாலும் கிலோமீட்டருக்கு 8 முதல் 9 நிமிடம் இருக்கும். பக்கத்தில் வேகமாக நடப்பவர் உங்களை ஏறக்குறைய எட்டிப் பிடித்துவிடுவார். வெட்கமாக இருக்கும். அந்த வெட்கத்தைப் பொறுத்துக்கொள்பவர்களே ஆறு மாதம் கழித்தும் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

பேசிக்கொண்டே ஓடும் வேகம் இன்று நேற்று வந்ததல்ல. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் 1960-களின் தொடக்கத்தில் ஆக்லாந்தில் நடுவயதுக்காரர்களையும் இதய நோயாளிகளையும் இப்படித்தான் ஓட வைத்தார். 1962-இல் அமெரிக்கப் பயிற்சியாளர் பில் போவர்மேன் அங்கே போய் அவர்களோடு ஓடினார். எழுபது வயதைத் தாண்டிய ஒருவருக்குக்கூட அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஊர் திரும்பியதும் அதே முறையைத் தன் ஊர் மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அமெரிக்காவில் மெல்லோட்டம் பரவியது அதற்குப் பிறகுதான்.

கையில் கட்டும் வாட்ச் இதயத் துடிப்பு 170 என்று காட்டினால் பயப்படவும் வேண்டாம், அப்படியே நம்பவும் வேண்டாம். வார் தளர்வாக இருந்தால் பல வாட்சுகள் இதயத் துடிப்புக்குப் பதில் கால் வைக்கும் எண்ணிக்கையை எண்ணிவிடும். ஓடும்போது நிமிடத்துக்கு 160, 170 அடி வைப்பது சாதாரணம். முகவரி சொல்ல முடிகிறது, வாட்ச் மட்டும் 170 என்கிறது என்றால் வாட்சைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இப்போது அட்டவணை. வாரத்தில் மூன்று நாள், இரண்டு ஓட்டத்துக்கு நடுவே ஒரு நாளாவது இடைவெளி. பள்ளி நாட்களையும் சேர்த்துப் பார்த்தால் செவ்வாய், வியாழன், ஞாயிறு உங்களுக்குச் சரிவரும். ஒவ்வொரு நாளும் முதலில் 5 நிமிடம் வேக நடை, கடைசியில் 5 நிமிடம் மெதுநடை. நடுவில் செய்ய வேண்டியது:

வாரம் 1, 2: ஒரு நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை; 8 முறை.
வாரம் 3, 4: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 6 முறை.
வாரம் 5, 6: 3 நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, 6 முறை.
வாரம் 7, 8: 5 நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, 5 முறை.
வாரம் 9, 10: 9 நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, 3 முறை.
வாரம் 11: 15 நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, மறுபடி 14 நிமிடம் ஓட்டம்.
வாரம் 12: நிற்காமல் 30 நிமிடம்.

முதல் இரண்டு வாரம் "இதெல்லாம் ஒரு ஓட்டமா" என்று தோன்றும். அப்படித் தோன்றினால் சரியாகச் செய்கிறீர்கள். நடை வரும்போது "இன்னும் தெம்பு இருக்கிறதே" என்று அதைத் தாண்டி ஓடாதீர்கள். களைத்துப்போன பிறகு நடப்பதல்ல இது, களைக்கும் முன்பே நடப்பது. ஒரு படி கடினமாக இருந்தால் அதே படியை இன்னொரு வாரம் செய்யலாம். 12 வாரம் 16 வாரமானால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

வாரத்துக்கு 10 சதவீதம் மட்டும் ஏற்றினால் காயம் வராது என்று ஒரு விதி எல்லோர் வாயிலும் இருக்கிறது. நெதர்லாந்தின் குரோனிங்கனில் 532 புதியவர்களை வைத்து அதைச் சோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவு 8 வாரத் திட்டம், இன்னொன்று 10 சதவீத விதிப்படி 13 வாரத் திட்டம். இரண்டிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காயம். கணக்கு மட்டும் காலைக் காப்பாற்றாது, கால் சொல்வதையும் கேட்க வேண்டும் என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்தது பழக்கம். 21 நாளில் எதுவும் பழகிவிடும் என்று கேட்டிருப்பீர்கள். பிளாஸ்டிக் சர்ஜன் மேக்ஸ்வெல் மால்ட்ஸ், தன் நோயாளிகள் புது முகத்துக்குப் பழக குறைந்தது 21 நாள் ஆனதாக 1960-இல் எழுதினார், அதிலிருந்து கிளம்பியது அது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரைக் கவனித்தபோது, ஒரு செயல் தன்னால் நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரை மாறியது. தண்ணீர் குடிப்பது சீக்கிரம் பழகியது, உடற்பயிற்சிக்கு அதிக நாள் ஆனது. அதில் உங்களுக்கு மிகவும் வேண்டியது இன்னொன்று: ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது பெரிதாகத் தடைபடவில்லை.

உங்கள் மூன்றாவது தடவைக்கு இங்கேதான் பதில் இருக்கும் என்று நினைக்கிறேன். வழக்கமாக நடப்பது இதுதான்: ஒரு நாள் விடும். "சரி, திங்கட்கிழமையிலிருந்து புதிதாக" என்று தள்ளிப்போடுவோம். அந்தத் திங்கட்கிழமை வராது. விட்ட நாளை ஈடுகட்டவும் வேண்டாம், புதிதாக ஆரம்பிக்கவும் வேண்டாம். அடுத்த முறை நாள் எதுவோ அன்று, விட்ட இடத்திலிருந்து. இரண்டு வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் மட்டும் ஒரு படி பின்னால் போங்கள்.

கிலோமீட்டரையும் எடையையும் இந்தப் பன்னிரண்டு வாரம் கணக்கில் எடுக்காதீர்கள். எடை மூன்று மாதத்தில் பெரிதாக இறங்காமல் இருக்கலாம். அதை எதிர்பார்த்து ஓடுபவர்கள் அதனாலேயே நிறுத்திவிடுவார்கள். தினசரி காலண்டரில் ஓடிய நாளுக்கு ஒரு வட்டம், அது போதும்.

ஓட்டத்தை ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒரு காரியத்தோடு கட்டிவிடுங்கள். காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறப்பீர்கள் என்றால், ஷூவும் சாக்ஸும் கதவில் மாட்டிய பால் பைக்குக் கீழேயே இருக்கட்டும். உடையை இரவே எடுத்து வையுங்கள். அலாரம் அடித்த பிறகு அலமாரியைத் திறந்து தேடினால் விளக்கு போட வேண்டும், குழந்தை எழுந்துவிடும், அன்று ஓட்டம் போச்சு. இரவு பதினொன்றரைக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுந்து எத்தனை நாள் தாங்கும்? ஓடும் நாளுக்கு முந்திய இரவு பத்து மணிக்குப் படுப்பதும் திட்டத்தில் ஒரு பகுதிதான்.

மழைக்கு மாற்று ஏற்பாட்டை இப்போதே முடிவுசெய்து வையுங்கள். இங்கே அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அதைத் தவிர்த்து ஓட்டப் பழக்கம் என்று ஒன்று கிடையாது. தூறலில் தாராளமாக ஓடலாம். இடி மின்னல் இருந்தாலோ, தெருவில் தண்ணீர் தேங்கித் தரை தெரியாமல் இருந்தாலோ போகவே கூடாது. மூடியில்லாத மழைநீர் வடிகால் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு வீட்டுக்குள் 15 நிமிடம்: இருந்த இடத்தில் மெதுவாக ஓடுவது ஒரு நிமிடம், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10, திரும்பத் திரும்ப. பயிற்சியாக அது பெரிதில்லை. ஆனால் அந்த நேரம், அந்த உடை, அந்த ஷூ மாறாமல் இருப்பதால் பழக்கம் அறுபடாது.

நனைந்த ஷூவை வெயிலில் வைத்தால் அடிப்பகுதி ஒட்டு விடும். உள்அட்டையை வெளியே எடுத்து, பழைய நாளிதழைக் கசக்கி விரல் பகுதி வரை திணித்து, ஃபேனுக்குக் கீழே சாய்த்து வையுங்கள். ஒரு மணி நேரத்தில் காகிதம் சொதசொதவென்று இருக்கும். எடுத்துவிட்டுப் புதுக் காகிதம் திணித்தால் மறுநாளுக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும்.

ஷூ வாங்குவதைப் பற்றி நிறையக் குழப்புவார்கள். மாலையில் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸோடு போட்டு, நின்ற நிலையில் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா பாருங்கள். வழக்கமான செருப்பு அளவைவிட அரை அல்லது ஒரு அளவு பெரிதாக வரும். கடைக்குள்ளேயே நாலு எட்டு ஓடிப் பாருங்கள், அந்த நிமிடமே சுகமாக இருப்பதுதான் சரியான ஷூ. "போகப் போகப் பழகிவிடும்" என்பதை நம்பாதீர்கள். பாதம் உள்பக்கம் சாய்கிறது என்று விலை அதிகமான ஒன்றைத் தலையில் கட்டப் பார்த்தால், வலி இல்லாதவரை அது தேவையில்லை. 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டிவரும்.

குதிகால் ஷூவுக்குள் மேலே எழும்பினால் விரல் முன்னால் போய் இடிக்கும், நகம் கறுக்கும். அதற்குத்தான் கணுக்கால் பக்கம், வரிசையைவிட்டுச் சற்றுத் தள்ளி, இரண்டு பக்கமும் ஒரு கூடுதல் ஓட்டை வைத்திருக்கிறார்கள். பெரும்பாலோர் அதைத் தொடுவதே இல்லை. லேஸை வழக்கம்போல் மேல் ஓட்டை வரை கோத்த பிறகு, ஒவ்வொரு முனையையும் குறுக்கே கொண்டுபோகாமல் அதே பக்கத்துக் கூடுதல் ஓட்டைக்குள் வெளியிலிருந்து உள்ளே விடுங்கள். இரண்டு பக்கமும் சின்ன வளையம் கிடைக்கும். இப்போது இடது முனையை வலது வளையத்துக்குள்ளும், வலது முனையை இடது வளையத்துக்குள்ளும் விட்டு, கீழ்நோக்கி இழுத்து முடிச்சு போடுங்கள். குதிகால் அசையாது.

ஓடும் இடம். கடற்கரை மணல் பார்க்க மெத்தென்று இருக்கும், ஆரம்பத்தில் வேண்டாம். குதிகால் புதைவதால் கெண்டைக்காலும் அதன் தசைநாணும் அளவுக்கு மீறி இழுபடும். அலை ஓரத்து ஈரமணல் கெட்டியானாலும் ஒரு பக்கம் சரிவு. பள்ளி மைதானம் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. ஆசிரியை என்பதால் உங்களுக்கு அது எளிதாகவே கிடைக்கும். 2023 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தில் மாவட்டந்தோறும் குறித்த 8 கிலோமீட்டர் நடைபாதைகளும் இருக்கின்றன. தெருவில் ஓடினால் வலது ஓரமாக, வண்டிகள் எதிரே வரும்படி ஓடுங்கள். தார்ச்சாலை ஓரம் சாக்கடைப் பக்கம் சரிந்திருக்கும். எப்போதும் ஒரே சரிவில் ஓடினால் ஒரு பக்க இடுப்பும் முழங்காலும் நோகும். கூடியவரை சமமான இடத்தைப் பாருங்கள்.

தெருநாய் துரத்த வந்தால் ஓட்டத்தை நிறுத்துங்கள். ஓடுவதுதான் அதைத் துரத்தச் சொல்கிறது. முகத்தைப் பார்க்காமல், முதுகையும் காட்டாமல், பக்கவாட்டில் நடந்து விலகுங்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஊசிக்குப் போக வேண்டும். சின்னக் கீறல்தானே என்று விடவே கூடாது.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் ஓட்டம் பற்றி எழுத முடியாது. ஜூன் தொடக்கத்தில் 5:45-க்கு முன்பே சூரியன் வந்துவிடும், ஜனவரியில் 6:30 ஆகும். கோடையில் 5 மணிக்குக் கிளம்பினால்தான் உண்டு. அப்போதும் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வழியும், ஆனால் காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதனால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக உழைக்கும். கிலோமீட்டருக்கு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை வேகம் குறைந்தால் அது பின்னடைவு இல்லை. வெக்கைக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். வெயிலில் திடீரென்று சிலிர்த்தாலோ, தலை சுற்றினாலோ, பேச்சு குழறினாலோ அன்றைய ஓட்டம் முடிந்தது. நிழலுக்குப் போய்த் தலையிலும் உடம்பிலும் தண்ணீர் ஊற்ற வேண்டும். பேச்சு தெளியாவிட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

அரை மணி நேர ஓட்டத்துக்குக் கையில் பாட்டில் தேவையில்லை. எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர், வந்த பிறகு உப்புப் போட்ட மோர் அல்லது நீராகாரம். இளநீரில் பொட்டாசியம் நிறைய, ஆனால் வியர்வையில் நாம் இழக்கும் சோடியம் அதில் குறைவு. குடிப்பதானால் காலை உணவில் உப்பு இருக்கட்டும். லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீர் குடிப்பதும் ஆபத்துதான், ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். தாகத்துக்குக் குடித்தால் போதும். ஓடும் முன் காபி குடிக்கலாம். பசித்தால் அரை வாழைப்பழம். பருத்தித் துணி வியர்வையைப் பிடித்துவைத்து உரசும், பாலியஸ்டர் டி-ஷர்ட்டே நல்லது. தொடை இடுக்கிலும் பிரா ஓரத்திலும் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். பிரா ஓட்டத்துக்கென்றே தைத்த, அழுத்திப் பிடிக்கும் வகையாக இருக்க வேண்டும். சாதாரணப் பிராவில் தோளும் முதுகும் வலித்து ஓட்டத்தை நிறுத்தியவர்கள் உண்டு.

இனி அந்த முன் எலும்பு வலி. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, எலும்பின் உள்ஓரமாக, நாலைந்து விரல் நீளத்துக்குப் பரவலாக நோகிறதா? விரலால் அழுத்தினால் வழிநெடுக வலிக்கிறதா? அது அளவுக்கு மீறிய சுமையால் வருவது. ஓட்டத்தைக் குறைத்தால் அடங்கும். ஒரே புள்ளியில், விரல் நுனியால் காட்டும்படி வலித்து, இரவில் படுத்தாலும் வலித்து, ஒற்றைக் காலில் குதித்தால் சுரீரென்றால் அது எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். அப்போது ஓட்டம் முழுக்க நிறுத்தம், எலும்பு டாக்டரைப் பார்க்க வேண்டும். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகலாம். எக்ஸ்ரே சரியாக இருக்கிறதே என்று மறுநாளே ஓடிவிடாதீர்கள்.

மற்ற வலிகளுக்கு ஓர் அளவுகோல்: பத்துக்கு மூன்று வரை இருந்து, ஓடும்போது கூடாமல், மறுநாள் காலை பழையபடி ஆகிவிட்டால் தொடரலாம். நொண்ட வைக்கும் வலியோடு ஓடவே கூடாது. மாடிப்படி இறங்கும்போது முழங்கால் சில்லைச் சுற்றி வலித்தால், ஓடும்போது எட்டி வைக்கும் அடியின் நீளத்தைக் குறையுங்கள். அதே வேகத்தில் அடிகளின் எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முழங்காலில் விழும் சுமை குறையும். காலையில் முதல் அடி வைத்ததும் குதிகாலில் குத்தினால் வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காமல் மெத்தென்ற செருப்பு போடுங்கள், கெண்டைக்காலைத் தினமும் நீட்டிவிடுங்கள்.

ஓடாத நாட்களில் இரண்டு நாள், 12 நிமிடம் ஒதுக்குங்கள். படிக்கட்டு ஓரத்தில் முன்பாதத்தை வைத்து ஒற்றைக்காலில் குதிகாலை ஏற்றி, மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக இறக்குவது, 12 வீதம் 3 முறை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 வீதம் 3. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துவது 12 வீதம் 3. இதில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் முதலாவதைச் செய்யுங்கள். ஓட்டத்தில் அதிகம் உழைப்பது கெண்டைக்கால்தான்.

மெதுவாக ஓடியும், தூங்கியும், அசதி தீரவில்லை, படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்றால் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடம்பில் சேமித்திருக்கும் இரும்பைக் காட்டும் அளவு) பார்த்துவிடுங்கள். நம் பெண்களில் ரத்தசோகை மிகப் பரவலானது. இரும்புச்சத்து இல்லாத உடம்பை எந்த அட்டவணையாலும் ஓட வைக்க முடியாது. காரணம் தெரியாமல் நின்ற அந்த மூன்றாவது தடவைக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம், ஆரம்பிக்கும் முன்பே பார்ப்பது நல்லது. நாற்பதைத் தாண்டியவர்கள், பிரஷர், சுகர், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது. காய்ச்சல் இருக்கும்போது ஓடவே கூடாது, அது யாருக்கும்.

பன்னிரண்டாம் வாரத்தில் 30 நிமிடத்துக்கு 4 கிலோமீட்டர் வரலாம், மூன்றரையும் வரலாம். உடனே வேகத்தைக் கூட்டாதீர்கள். செவ்வாயும் வியாழனும் அதே 30 நிமிடம், ஞாயிறு மட்டும் வாரத்துக்கு 3 முதல் 5 நிமிடம் கூட்டி, நாலு வாரத்துக்கு ஒருமுறை பழைய 30-க்கே இறக்குங்கள். ஞாயிறு ஓட்டம் ஒரு மணி நேரத்தைத் தொட்ட பிறகு, ஜனவரியில் சென்னை மாரத்தானோடு நடக்கும் 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கலாம். ஜூலையில் ஆரம்பித்தால் அவசரமில்லாமல் போய்ச் சேரலாம். அன்றைக்குக் கொடுக்கும் புது டி-ஷர்ட்டை அன்றே போட வேண்டாம், ஏற்கெனவே துவைத்து ஓடிய பழையதே போதும். கூட்டத்தின் கடைசியில் நின்று கிளம்பி, முதல் இரண்டு கிலோமீட்டர் முகவரி சொல்லும் வேகத்தைத் தாண்டாதீர்கள்.